ஆறு நாற்காலிகள், ஏழு பேர்

ஸ்ரீவைகுண்டம்
11 ஜனவரி 2025, சனிக்கிழமை

தம்பி ஹெப்ரானுக்கு,

முதலில் கதை, பிறகு வீட்டுச் செய்தி. அப்படித்தானே பேச்சு? ஆனால் அன்றைய உயிரியல் பாடத்தை முடித்துவிட்டுத்தான் இதைப் பிரிக்க வேண்டும்.

போன ஞாயிறு மணிமுத்தாற்றில் உன் விடுதி வாசலில் போனை வாங்கி என் பையில் போட்டபோது, "அப்போ 'வளையம்' எப்படிக்கா பாக்கது?" என்று நீ கேட்டதற்கு அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். "ரெண்டாவது தடவ நீட் எழுதப் போற பய கேக்க கேள்வியால இது?" என்றாள். நீ எதிரில் இல்லை என்பதையே மறந்துவிட்டாள்.

'வளையம்' தொடரின் இரண்டாம் பாகம் நேற்று தொடங்கிவிட்டது. அதே விண்வெளி நிலையம், அதே சனிக்கோள். ஊருக்குத் திரும்புகிற கப்பல் இன்னும் வரவில்லை. போன பாகத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? வெளிக்கதவு சாத்திக்கொள்ளும். கேமரா பின்வாங்கி, நடைபாதை வழியாக வந்து, சாப்பாட்டு மேசையில் நிற்கும். இந்தப் பாகம் அந்த மேசையில் தொடங்கி அதே நடைபாதை வழியாகக் கதவுக்குப் போகிறது. நான் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். அதே வேகம்.

இன்னொன்று. மேசையைச் சுற்றித் தரையோடு முடுக்கிய நாற்காலிகள் ஆறுதான். ஆட்கள் ஏழு பேர். மெக்கானிக் இலியா மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறான். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

வெள்ளத்தின்போது ஒதுங்கிய பள்ளிக்கூட மாடியில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு முதல் பாகம் பார்த்து எழுதினோமே, அந்த நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. நிலையத்தை விட்டுத் தனியாக வெளியே போய்த் திரும்பாத மூன்று பேருக்கும் நாம் கண்டுபிடித்த அடையாளங்கள்: தன் பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். தன் இடத்தைச் சுத்தமாக ஒழித்து வைப்பார்கள். கப்பல் எப்போது வரும் என்று கேட்பதை நிறுத்திவிடுவார்கள். இந்தத் தடவையும் அது பலிக்கிறதா பார்ப்போம்.

அப்பாவுக்கு இந்த வாரம் முழுக்க வாழைத்தார் வெட்டு. "பய சாப்புடுதானான்னு கேட்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன். பதில் போடு.

கெசியா


மணிமுத்தாறு, விடுதி
19 ஜனவரி, ஞாயிறு

அக்கா,

சாப்பிடுகிறேன். அப்பாவிடம் சொல்லிவிடு. சாம்பார்தான் சாப்பிடுகிற மாதிரி இல்லை.

உன் கடிதம் வந்தது. பிரித்துத்தான் வந்தது. இங்கே வார்டன் பெருமாள்ராஜ் சார் எல்லாக் கடிதத்தையும் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். அம்பாசமுத்திரத்துக்காரர். என்னைக் கூப்பிட்டு, "ஏலே, இந்த இலியா யாருலே? ஒங்க சொந்தக்காரனா?" என்று கேட்டார். கதை என்று சொன்னேன். "கதையா! நான் ஒங்க வீட்ல ஒரு ஆளுக்கு நாற்காலி இல்லாம நின்னுட்டே சாப்புடுதான்னுல்லா வருத்தப்பட்டேன்" என்றார். இப்போது தபால்காரர் வரும் நேரத்தில் அவரே வாசலில் நிற்கிறார்.

நாற்காலி விஷயம் முக்கியம். விட்டுவிடாதே. ஒவ்வொரு எபிசோடிலும் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுது. இந்தக் கதை எழுதுகிறவர்கள் ஒரு பொருளைச் சும்மா காட்ட மாட்டார்கள்.

இங்கே வெளியே போய் ஒரு சோப்பு வாங்க வேண்டுமென்றாலும் வாசலில் பதிவேடு இருக்கிறது. பெயர், அறை எண், போகும் நேரம், காரணம், திரும்பும் நேரம். ஐந்து கட்டம். ஒன்று விட்டாலும் வாட்ச்மேன் விட மாட்டார். என் அறைத்தோழன் ஜெனோ காரணம் என்ற கட்டத்தில் "மனசு சரியில்லை" என்று எழுதி மாட்டிக்கொண்டான். சார் அந்த வரியை அடித்துவிட்டு "சோப்பு" என்று எழுதச் சொன்னார்.

ஜெனோவின் வாட்ச் நின்றுவிட்டது. என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு பார்வையாளர் நாள். நீ வருகிறாய்தானே? அம்மாவிடம் எள்ளுருண்டை கேட்டேன் என்று சொல்லு. மார்க் பற்றி நீ கேட்கவில்லை. நன்றி.

ஹெப்ரான்


ஸ்ரீவைகுண்டம்
1 பிப்ரவரி, சனிக்கிழமை

தம்பிக்கு,

நாளை மாதிரித் தேர்வு வைத்திருப்பதால் பார்வையாளர் நாள் ரத்து என்று விடுதியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அம்மா எள்ளுருண்டை பிடித்து முடித்த பிறகு வந்தது. மார்ச் இரண்டாம் தேதிதான் இனி உன்னைப் பார்க்க முடியும்.

மூன்றாவது எபிசோடில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இலியா நின்றான். ஆனால் நேற்றைய நான்காவது எபிசோடில் இலியா தன் கையுறைகளை நிலையத்து டாக்டரிடம் கொடுத்துவிட்டான். "என் கைக்கு இறுக்கமாக இருக்கிறது" என்றான். நான் இரண்டாவது எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதில் அதே கையுறை கழன்று விழுகிற அளவுக்குத் தளர்வாக இருந்தது. அவன் பொய் சொல்கிறான். டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இதை எழுதும்போதுதான் எனக்கு உன் வாட்ச் நினைவு வந்தது. ஏன் கொடுத்தாய்? நீ பத்தாம் வகுப்பு முடித்தபோது அப்பா திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தது அது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாய். கொடுத்ததற்காகத் திட்டவில்லை. ஏன் என்று மட்டும் எழுது.

மார்க்கையும் எழுது. குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நீ எழுதாமல் இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் ஒரு எண்ணை நினைத்துக்கொள்கிறேன். அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகிறது.

நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் நேற்று ஒரு அம்மா தன் மகளின் விண்ணப்பத்தை நிரப்ப வந்தார். அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றாள். "என்ன படிக்க விருப்பம்?" என்று நான் கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார். அங்கே உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம் நிரப்புகிறேன். நேற்றுத்தான் முதல் தடவையாக அதைக் கவனித்தேன்.

கெசியா


மணிமுத்தாறு
9 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா,

நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன்.

ஜெனோவின் அப்பா திங்கட்கிழமை பீஸ் கட்ட வருகிறார். அவர் ஸ்ரீவைகுண்டம் வழியாகத்தான் போவார். என் கூடுதல் உடைகளையும் நம் நோட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து விடுகிறேன். வாங்கி வைத்துக்கொள். அலமாரியைத் துடைத்துவிட்டேன். இப்போது அதில் புத்தகம் மட்டும்தான்.

கையுறை சங்கதி நல்ல கண்டுபிடிப்பு. சாரும் அப்படித்தான் சொன்னார்.

அப்பாவை வெயிலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று சொல்லு.

ஹெப்ரான்


ஸ்ரீவைகுண்டம்
15 பிப்ரவரி, சனிக்கிழமை

அன்புத் தம்பி ஹெப்ரானுக்கு,

பை வந்து சேர்ந்தது. சட்டைகளை அவ்வளவு நேர்த்தியாக மடித்திருக்கிறாய். வீட்டில் ஒரு நாளும் நீ மடித்து நான் பார்த்ததில்லை.

நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். ஆறாவது எபிசோட் நேற்று வந்தது. போன வாரம் ஐந்தாவதில் இலியா கப்பலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நாம் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை! அவன் வெளிக்கதவு வரைக்கும் போனான். கதவில் கை வைத்தான். பிறகு சாப்பாட்டு அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டான். ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இலியாவும் வந்து உட்கார்ந்தான். டாக்டர் அவனுக்குச் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு நல்ல எபிசோட்! அடையாளங்கள் எல்லாம் ஒவ்வொரு தடவையும் பலிக்க வேண்டும் என்று இல்லை. நாம்தான் தேவையில்லாமல் பயப்படுகிறோம்.

நேற்று மூன்று முறை விடுதிக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்றாவது முறை ஒருவர் எடுத்தார். "படிக்கானம்மா, கூப்பிட முடியாது" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் காலேஜ் வரை படித்து என்ன பிரயோஜனம், சொல்லு.

மார்ச் இரண்டாம் தேதி கட்டாயம் வருவேன். எள்ளுருண்டையும் வரும். அன்றைக்கு யார் என்ன தேர்வு வைத்தாலும் வாசலிலேயே நிற்பேன். அதற்கு முன்னால் ஒரு வரியாவது எழுது. நாலு எழுத்து போதும்.

உன் அக்கா
கெசியா


மணிமுத்தாறு
23 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா,

எந்த நாற்காலியில் உட்கார்ந்தான்?

நாற்காலி ஆறு. தரையோடு முடுக்கியது. நீதான் முதல் கடிதத்தில் எழுதினாய். ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், இலியாவும் வந்து உட்கார்ந்தான் என்று இப்போது எழுதுகிறாய். ஏழாவது நாற்காலி எங்கிருந்து வந்தது?

பிறகு அந்தக் கடிதத்தில் இரண்டு ஆச்சரியக்குறி. நீ ஆச்சரியக்குறி போட்டு நான் பார்த்ததில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள வார்டன் சாரிடம் போனேன். அவர் கதையின் ஆவல் தாங்காமல் தன் போனில் பார்த்துக்கொண்டு வருகிறார் என்பது விடுதிக்கே தெரியும். "சார், இலியா திரும்பி வந்துட்டானா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஒங்க அக்கா என்ன எழுதிருக்கோ அதாம்ல நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு மெஸ் பக்கம் போய்விட்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

நீ ஏன் பொய் எழுதினாய் என்று ஒரு பிரீயட் முழுக்க யோசித்தேன். பிறகு என் கடிதங்களில் என்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். வாட்ச், பை, அலமாரி. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அக்கா, அதெல்லாம் அடையாளம் இல்லை. நீட் எழுதுகிற அறைக்குள் வாட்ச் விட மாட்டார்கள், அது இல்லாமல் பழகலாம் என்றுதான் கொடுத்தேன். நோட்டை அனுப்பியது, பாடம் தவிர வேறு எது கிடைத்தாலும் பறித்துவிடுவார்கள் என்று சாரே ரகசியமாகச் சொன்னதால். அலமாரியில் எறும்பு. அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ தப்பான தடயங்களைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்துவிட்டாய்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, புதன்கிழமை, மாதிரித் தேர்வு மார்க் ஒட்டினார்கள். எழுநூற்று இருபதுக்கு இருநூற்றுப் பதினொன்று. போன வருஷத்தைவிடக் குறைவு. அன்றைக்கே காலைப் பிரேயர் நேரத்தில் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். கையில் டிக்கெட்டுக்கு மட்டும் காசு. திருநெல்வேலி பஸ் இரண்டு போயிற்று. மூன்றாவது பஸ்ஸில் படியில் கால் வைத்தேன். "எங்கலே போணும்?" என்று கண்டக்டர் கேட்டார். வீட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே வந்து அப்பாவிடம் என்ன சொல்வது? "ஏறுதியா, எறங்குதியா?" என்றார். இறங்கிவிட்டேன். மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு அதே சுவர் ஏறித் திரும்பி வந்தேன். யாரும் கேட்கவில்லை. வாசல் பதிவேட்டின்படி நான் அன்றைக்கு எங்கேயும் போகவில்லை.

நீ பயந்தது போல வேறொன்றும் நினைக்கவில்லை. ஆனால் எங்கே போவது என்றும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு மருத்துவம் வேண்டாம் அக்கா. போன வருஷமும் வேண்டாம். விண்ணப்பத்தை நீ மையத்தில் உட்கார்ந்து நிரப்பினாய். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். உன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எப்படிச் சொல்வது?

இந்தக் கடிதத்தையும் சார் வாசிப்பார். வாசிக்கட்டும்.

ஹெப்ரான்


ஸ்ரீவைகுண்டம்
26 பிப்ரவரி, புதன்கிழமை

ஹெப்ரான்,

இலியா வெளியே போய்விட்டான். அதுதான் ஆறாவது எபிசோட். யாரிடமும் சொல்லவில்லை. அவன் போனதே அடுத்த சாப்பாட்டு வேளையில்தான் தெரிகிறது. சுவரில் சாய்ந்து நிற்க ஆளில்லை. அப்போது டாக்டர் ஓடிப்போய் வெளிக்கதவின் பதிவேட்டைத் திறக்கிறாள். அவன் பெயர் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. வெகுநேரம் அதையே காட்டினார்கள். நான் முதல் பாகத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். போன மூன்று பேருக்கும் அதே கட்டம் அப்படியேதான் இருக்கிறது. மூன்று எபிசோடிலும் அந்தப் பக்கம் ஓரமாகத் தெரிகிறது. நாம் மற்ற எல்லாவற்றையும் நோட்டில் எழுதினோம். எழுதாமல் விட்ட கட்டத்தைக் கவனிக்கவில்லை.

அதைப் பார்த்த பிறகு உனக்கு எப்படி எழுதுவேன்? உன் சட்டைகள் மடித்தபடி என் மடியில் இருந்தன. அதனால் நானே ஒரு எபிசோட் எழுதினேன். நாற்காலி எண்ணிக்கையை மறந்துவிட்டேன். ஒவ்வொரு வாரமும் எண்ணி அனுப்பியவளே நான்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் பள்ளியிலேயே நான்தான் முதல். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலையே பார்த்ததில்லை, இதை எப்படிக் கேட்பது என்று கூச்சம். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தேன், முடித்தேன். பிறகு உன் விண்ணப்பம் என் கைக்கு வந்தது. உன்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் நிரப்பினேன். நான் வாய் திறக்காமல் ஒன்றை இழந்தேன். நீயும் வாய் திறக்காமல் ஒரு வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறாய். இரண்டு பாகத்திலும் ஒரே காட்சி. இவ்வளவு கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமல் போயிற்று. என்னை மன்னித்துக்கொள்.

நேற்று உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பாதியிலேயே அழ ஆரம்பித்து, "நீதாம்ட்டி டாக்டரு டாக்டருன்னு குதிச்ச" என்று என்னைத் திட்டினாள். அது உண்மை. அப்பா வாழைத்தார் சுமந்து வந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம்னு அவனேவா எழுதிருக்கான்?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"செவரு ஏறிக் குதிச்சானாக்கும்."

"ஆமா."

"கால்ல கீல்ல அடிபட்டுச்சான்னு எழுதிருக்கானா?"

எழுதவில்லை என்றேன். சட்டையைக் கழற்றி உதறினார். பிறகு, "வரட்டும், ரெண்டு அறை வைக்கேன்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "அறை எல்லாம் வைக்க மாட்டேன்னு எழுது. பயந்துட்டு வராம இருந்துரப் போறான்" என்றார்.

அப்படியே எழுதிவிட்டேன்.

தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். அதை உன் வாயால் கேட்க வேண்டும். ஞாயிறன்று முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆனால் அதுவரை உன்னால் அங்கே இருக்க முடியாது என்று தோன்றினால் சுவர் ஏறாதே. வாசல் வழியாக வா. நான் ஏழாவது எபிசோடை இன்னும் பார்க்கவில்லை. நீ பஸ் படியில் நிற்பது போலவே இருக்கிறது எனக்கு.

கெசியா


மணிமுத்தாறு, விடுதி வாசல்
1 மார்ச், சனிக்கிழமை, காலை 9.35

அக்கா,

நாளைக்கு நீ வர வேண்டாம். உனக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால் வரும். எழுத வேண்டும் போல இருந்தது, வாட்ச்மேனின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலில் அடி எதுவும் இல்லை என்று அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒங்க அக்கா கடிதத்த வாசிச்சிட்டேம்ல. அன்னைக்கு புதன்கெழம நீ மத்தியானம் சாப்புட வராததயும் நான் பாக்கல, அதயும் என் தப்புன்னு எழுதிக்கோ" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனோ வாட்சைத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பரீட்சை எழுதுவேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வேண்டாம் என்பது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும். என்ன வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நீ கேட்பாய், எனக்குப் பதில் தெரியாது. அதற்காகக் கோபப்படாதே.

சற்றுமுன் வாட்ச்மேன் பதிவேட்டை நீட்டினார். எழுதினேன்.

பெயர்: எ. ஹெப்ரான். அறை எண்: 14. போகும் நேரம்: 9.30. காரணம்: வீட்டுக்கு.

கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "திரும்புற நேரம் தெரியலன்னா சும்மா விடு தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் வாட்ச்மேன். எப்போதும் ஒரு கட்டத்தைக்கூட விடாத மனுஷர்.

அதைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

ஹெப்ரான்